படப் புத்தகம் அனிமேஷன் படமாவது எப்படி? காசிமேட்டு நண்டு ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

32 பக்கப் புத்தகம் ஒன்றை 7 நிமிடப் படமாக்க எங்களுக்கு 14 மாதம் ஆனது. தண்டையார்பேட்டையில் மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், நாலு பேர். கதை சின்னது. வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் மீன் விற்கும் ஆயாவின் கூடையிலிருந்து ஒரு நண்டு தப்பிக்கிறது. பேத்தி அதைப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைக்கிறாள், சாயங்காலம் கொண்டுபோய்க் கடலில் விடுகிறாள். அவ்வளவுதான். கையில் ஒரு நல்ல புத்தகத்தை வைத்துக்கொண்டு "இதைப் படமாக்கினால் என்ன?" என்று யோசிப்பவருக்காக, நாங்கள் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். படப் புத்தகத்தில் நேரம் குழந்தையின் கையில் இருக்கிறது. பிடித்த பக்கத்தில் அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரும். பயமான பக்கத்தை அடுத்த பக்கத்தோடு சேர்த்துப் புரட்டிவிடும். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஓடும். படமாக்கும்போது அந்த நேரத்தைக் குழந்தையிடமிருந்து நாம் வாங்கிக்கொள்கிறோம். எது எத்தனை நொடி நிற்கும் என்று இனி நாம்தான் முடிவு செய்வோம். சட்டம் பேசும் படியைத் தவிர, கீழே வரும் எல்லாப் படிகளிலும் நான் இதைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறேன்.

படி 1: புத்தகத்தைச் சுவரில் ஒட்டுங்கள்

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். ஒரு பெரிய தாளை மடித்தால் 8, 16 என்றுதான் பக்கங்கள் வரும், அதனால் வந்த கணக்கு அது. தலைப்பு, பதிப்புரிமை, சமர்ப்பணம் எல்லாம் போகக் கதைக்கு 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். அவற்றை நகலெடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள்: எழுத்து என்ன சொல்கிறது, ஓவியம் என்ன சொல்கிறது.

எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் "ஆயா நண்டுகளை எண்ணினாள்" என்று மட்டும்தான் இருக்கும். அதே பக்கத்து ஓவியத்தில், ஆயாவின் முதுகுக்குப் பின்னால் கூடை விளிம்பில் நாலு கால் தெரியும். கதையின் சந்தோஷமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆயாவுக்குத் தெரியாதது படிக்கும் குழந்தைக்குத் தெரியும். அனிமேஷன் படத்தில் ஒரு குரல் வந்து "அப்போது ஒரு நண்டு மெல்ல ஏறியது" என்று சொல்லிவிட்டால் குழந்தை கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது. படம் காட்டுவதைக் குரல் சொல்லும் ஒவ்வொரு வரியையும் இந்தக் கட்டத்திலேயே அடித்துவிடுங்கள்.

எல்லாப் புத்தகமும் படமாகாது என்பதும் இங்கேதான் தெரியும். ஓட்டை போட்ட பக்கம், தூக்கிப் பார்க்கும் மடிப்பு, தடவிப் பார்க்கும் தாள் என்று கையால் அனுபவிக்கும் புத்தகம் என்றால் அதைப் புத்தகமாகவே விட்டுவிடுவது நல்லது.

படி 2: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

நான் பார்த்தவரை சின்னக் குழுக்கள் அதிகம் சறுக்குவது இந்தப் படியில்தான். எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறு என்றால் உரிமையும் இரண்டு பேருடையது. "எழுதினவரு நம்ம ஃபிரெண்டு, சரின்னுட்டாரு" என்பது போதாது. படப் புத்தகத்தில் பாதிக் கதையை ஓவியர்தான் சொல்லியிருக்கிறார். இருவரும் பதிப்பகத்துக்கு என்ன உரிமை கொடுத்திருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இன்னொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை: வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது செல்லாமல் போகும். கையால் வரையும் படம் ஓராண்டில் முடிவது அரிது. ஆகவே காலத்தையும், நாடுகளையும், இணையம், திரையரங்கு, வேற்றுமொழி டப்பிங் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். உரிமையைக் கொடுத்த பிறகும், தன் பெயர் வரவேண்டும் என்று கேட்கவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு.

கையில் காசு இல்லாமல் பழக நினைப்பவருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உள்ளன. அங்குள்ள கதைகள் பெரும்பாலும் 'சிசி பை 4.0' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயர்களை முறையாகப் போட்டு, என்ன மாற்றினோம் என்று சொல்லிவிட்டால் அவற்றைப் படமாக்கலாம், விற்கவும் செய்யலாம். அந்தந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உரிமத்தை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பாட்டி சொன்ன நாட்டுப்புறக் கதை எல்லோருக்கும் பொது. ஆனால் அதை ஒருவர் எழுதிய விதமும் வரைந்த படமும் அவருடையவை.

படி 3: திரைக்கதை

எங்கள் புத்தகத்தை நிதானமாக வாசித்தால் 4 நிமிடம். படம் 7 நிமிடம். மிச்ச 3 நிமிடத்தை எதைப் போட்டு நிரப்புவது? புதுக் கதாபாத்திரம், துரத்தல், வில்லன் என்றெல்லாம் முதலில் எழுதிப் பார்த்தோம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம்.

சேர்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட 'தி ஸ்னோமேன்' சொற்களே இல்லாத புத்தகம். 1982இல் அது 26 நிமிடப் படமானபோது, புத்தகத்தில் இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தா படத்தில் வந்தார். ஆனாலும் புத்தகத்தின் பேச்சற்ற தன்மையையும் பென்சில் வண்ணத்தின் சொரசொரப்பையும் படம் விடவில்லை. சேர்ப்பது அந்தப் புத்தகத்தின் உலகத்திலிருந்து வரவேண்டும். அதுதான் நான் பார்க்கும் அளவுகோல்.

நாங்கள் கடைசியில் சேர்த்தது, பக்கம் புரளும் நேரத்தை. புத்தகத்தில் வலது பக்கம் "ஆயா சாக்கைத் தூக்கினாள்…" என்று முடியும். புரட்டினால் ஒரு நண்டு குறைவு. அந்தப் புரட்டலில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. படத்தில் உடனே அடுத்த காட்சிக்குத் தாவினால் அந்த மூச்சு போய்விடும். அதனால் ஈரச் சாக்கின் முனையைப் பிடித்த ஆயாவின் விரல்களை மட்டும் இரண்டரை நொடி காட்டினோம். நகத்தில் ஒட்டிய ஒரு செதில், சாக்கிலிருந்து சொட்டும் தண்ணீர். பிறகுதான் கூடை. திரைக்கதை எழுதும்போது, புத்தகத்தில் பக்கம் புரளும் ஒவ்வொரு இடத்திலும் சிவப்புக் கோடு போட்டு, அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

படி 4: ஸ்டோரிபோர்டும் அனிமேட்டிக்கும்

ஒவ்வொரு காட்சியும் திரையில் எப்படித் தெரியும் என்று வரிசையாக வரைந்து பார்ப்பதுதான் ஸ்டோரிபோர்டு. அதைச் சின்னச் சின்ன அட்டைகளில் வரையுங்கள். பெரிதாக, அழகாக வரைந்தால் தூக்கி எறிய மனம் வராது. எங்களுக்கு 85 ஷாட் வந்தது. அதற்காக மும்மடங்கு அட்டை வரைந்திருப்போம்.

அட்டைகளை வரிசையாகப் படம்பிடித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்து, நம் குரலிலேயே வசனம் பேசி ஓட்டினால் அதுதான் அனிமேட்டிக். மொத்த வேலையில் கால்வாசி நேரத்தை இதற்கே கொடுங்கள் என்பேன். இங்கே ஒரு நொடியைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு நிமிடம் போதும். வரைந்து முடித்த பிறகு அதே ஒரு நொடி பல மணி நேர உழைப்பு.

அனிமேட்டிக்கைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைத்தோம். நண்டு புத்தகப் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு சின்னப் பெண், "அக்கா, பின்னாடி போங்க, இன்னொரு தபா பாக்கணும்" என்றாள். அந்த ஷாட் ஒரு நொடிதான் இருந்தது. மூன்று நொடி ஆக்கினோம்.

அதே நாளில் இன்னொரு பையன், அவன் அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர், ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்த நண்டு நீந்தாது." ஏன்டா என்றால், "கடசி கால் துடுப்பு மாரி இருக்கணும்." போய்ப் பார்த்தோம். அவன் சொன்னதுதான் சரி. நம் மார்க்கெட்டில் வரும் கடல் நண்டுக்குப் பத்துக் கால். முன்னால் இரண்டு கொடுக்கு, நடுவில் மூன்று ஜோடி நடக்கும் கால்கள், கடைசி ஜோடி துடுப்புப் போலத் தட்டையாக, நீந்துவதற்கு. புத்தகத்தில் எட்டுக் காலும் கூராக இருந்தன. ஓவியரிடம் சொன்னோம், அவர் நண்டை மறுபடி வரைந்து கொடுத்தார், புத்தகத்தின் அடுத்த பதிப்பிலும் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். கடலில் விடும் கடைசிக் காட்சி அந்தத் துடுப்புக் காலால்தான் இன்று நிற்கிறது.

படி 5: உருவமும் வண்ணமும்

புத்தகத்தில் அந்தச் சிறுமி இரண்டு மூன்று கோணங்களில்தான் இருப்பாள். படத்தில் திரும்புவாள், குனிவாள், முதுகைக் காட்டி ஓடுவாள். முன், முக்கால், பக்கவாட்டு, பின் என நாலு பக்கமும், முகபாவங்களும், மற்றவர்கள் பக்கத்தில் நின்றால் எவ்வளவு உயரம் என்பதும் கொண்ட தாள்களை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தயார் செய்ய வேண்டும். அசல் ஓவியரையே செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவர் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும்.

நீர்வண்ணத்தில் வரைந்த புத்தகம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகத் தீட்டினால் வண்ணத்தின் திட்டுகள் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி, உருவம் கொதிப்பது போலத் தெரியும். சில கதைக்கு அது அழகு. எங்களுக்குக் கண் வலித்தது. அதனால் பின்னணிகளை மட்டும் தாளில் தீட்டி ஸ்கேன் செய்தோம். பாத்திரங்களுக்குச் சமமான வண்ணம் கொடுத்து, மேலே மெல்லிய தாள் சொரசொரப்பை வைத்தோம். அசல் ஓவியம் கம்ப்யூட்டரில் வரைந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். ஆள் வேறு, பின்னணி வேறு என்று லேயர் (அடுக்கு) பிரித்த கோப்பு கிடைத்தால் பல வாரம் மிச்சம். கிடைக்காவிட்டால், சிறுமி நகர்ந்ததும் அவளுக்குப் பின்னால் தெரியவேண்டிய சுவரை நீங்கள்தான் புதிதாகத் தீட்ட வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி எனக்குக் கோபத்தோடு சொல்ல ஒன்று இருக்கிறது. வடசென்னை என்றதுமே கருப்பும் பழுப்பும் புகையும் போட்டுவிடுகிறார்கள். காசிமேட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். படகுகளின் பச்சையும் நீலமும், ஐஸ் மேல் விழும் வெள்ளை விளக்கு, ஆரஞ்சு நைலான் வலை, ஆயாக்களின் ரோஸ் கலர் புடவை, அந்தப் புடவையின் கொசுவத்தில் மின்னும் செதில். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் தெரியும், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அங்கே வளரும் குழந்தையின் கண்ணில் அந்த இடத்துக்கு நிறம் உண்டு. வெளியாளின் பழுப்புக் கண்ணாடியைக் குழந்தைகள் படத்துக்கு மாட்டாதீர்கள்.

படி 6: குரல்

வரைவதற்கு முன் குரலைப் பதிவு செய்யுங்கள். நம் ஊரில் படம் முடிந்த பிறகு டப்பிங் என்றே பழகிவிட்டோம். அனிமேஷனில் குரலைக் கேட்டுத்தான் அனிமேட்டர் புருவத்தையும் தோளையும் அசைக்கிறார்.

புத்தகத்தின் தமிழ் வேறு, வாயின் தமிழ் வேறு. "நண்டு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று புத்தகத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். காசிமேட்டுப் பிள்ளை "அந்தாண்ட ஓடிக்கினு கீது பாரு" என்றுதான் சொல்லும். ஆயா, "கூடைல கைய வுடாத கண்ணு, புட்ச்சிக்கும்" என்பார். இப்படி மாற்றும்போது வசனத்தின் நீளம் மாறும், அதனால் ஷாட்டின் நேரமும் மாறும். மாற்றிய வசனத்தை எழுதியவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஆயாவுக்கு நாங்கள் நடிகரைத் தேடவில்லை. நிஜமாகவே மீன் விற்கும் ஒருவர் வந்து பேசினார், நாங்கள் எழுதிக் கொடுத்த வரிகளில் பாதியைத் திருத்தினார், சம்பளமும் மற்றவர்களைப் போலவே வாங்கிக்கொண்டார். படம் முடிந்ததும் ஒரு சேனலிலிருந்து, "இந்த மெட்ராஸ் பாஷைய மாத்திக் குடுத்தீங்கன்னா எடுத்துக்குறோம்" என்றார்கள். காமெடி டிராக்கில் மட்டும் கேட்டுப் பழகிய பேச்சு, ஒரு பாசமான ஆயாவின் வாயில் வந்தால் அவர்களுக்கு உறுத்துகிறது. மாற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

பதிவுக்கு ஸ்டுடியோ இல்லாவிட்டால் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதன் எதிரே பேசவையுங்கள். மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது கொடுமைதான், அதனால் இரவு பதினோரு மணிக்கு மேல் பதிவு செய்தோம்.

வாயசைவு பற்றிக் கொஞ்சம். இணையத்தில் கிடைக்கும் வாய் வடிவ அட்டவணைகள் ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்கு ஆறு ஏழு வடிவம் போதும். ப, ம இரண்டுக்கும் மூடிய உதடு. வகரத்துக்குக் கீழுதடு பல்லைத் தொட்டும் தொடாமலும். உ, ஒ குவியும். அ, ஆ திறக்கும். இ, எ விரியும். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கின் வேலை, உதட்டில் ஒன்றும் தெரியாது. எழுத்தைப் பார்த்து அனிமேட் செய்வதுதான் பெரிய தவறு. "இன்னா கூட்டம்!" என்று ஆயா சொல்லும்போது கடைசியில் 'ம்' எழுதுகிறோம், ஆனால் உதடு மூடாது. பேச்சில் அது மூக்கொலியாக முடிந்துவிடுகிறது. முதலில் உதட்டை மூடி வரைந்தோம், ஆயா ஏதோ பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. உதட்டைத் திறந்து விட்டதும் உயிர் வந்தது. கண்ணாடி முன் நின்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

படி 7: அசைவு

திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படம், ஓடும். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம். 7 நிமிடம் 420 நொடி, ஆக 5,040 படம். ஒருவர் ஒரு நாளைக்கு 30 படம் வரைந்து, சுத்தம் செய்து, வண்ணமும் போட்டுவிட்டால் 168 நாள். இதுவும் ஷாட்டில் ஒரே ஒரு பாத்திரம் அசைந்தால்தான். இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எந்த முறை என்று முடிவெடுக்க வேண்டும். நாங்கள் கலந்து செய்தோம். சிறுமியையும் ஆயாவையும் கையால் வரைந்தோம். ஒவ்வொரு படத்திலும் பத்துக் காலை வரைந்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதால், நண்டை மட்டும் உறுப்பு உறுப்பாக வெட்டி, மூட்டு வைத்து, பொம்மை போல அசைத்தோம்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. பிளெண்டர், கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்த படம்தான்.

வரையும் முறை எளிது: முதலில் முக்கியமான நிலைகள், பிறகு அவற்றுக்கு நடுவே எப்படிப் போகிறது என்பதைக் காட்டும் ஒரு படம், கடைசியில் இடைப்படங்கள். ஆனால் பார்த்துத்தான் வரைய வேண்டும். உயிர் நண்டு அரைக்கிலோ வாங்கி வந்து பெரிய அன்னக்கூடையில் விட்டு, ஃபோனில் மெதுவோட்டமாகப் படம்பிடித்தோம். போகும் பக்கத்துக் கால்கள் இழுக்கின்றன, மறுபக்கத்துக் கால்கள் தள்ளுகின்றன, அடுத்தடுத்த கால்கள் ஒரே நேரத்தில் தூக்குவதில்லை. உடல் மேலும் கீழும் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பயந்தால் சட்டென்று நிற்கும், கொடுக்கைத் தூக்கும். அந்தச் சட்டென்ற நிறுத்தத்தில் சிரிப்பு இருக்கிறது. மென்பொருள் தானாகப் போடும் மெல்ல-வேகம்-மெல்ல என்ற ஓட்டத்தை விட்டுவைத்தால் நண்டு பந்து போல ஆகிவிடும். அதை அணைத்துவிட்டு நேரத்தைக் கையால் வையுங்கள்.

படி 8: ஒலி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எஞ்சின் சத்தம் அதிகம் கலக்காத அலை வேண்டுமானால் அப்போது போய்ப் பதிவு செய்யுங்கள். படகுகளைப் பழுதுபார்க்கும் காலம் அது, பலகையில் சுத்தியல் விழும் சத்தமும் அப்போது கிடைக்கும். எஞ்சின்களின் உறுமல் வேண்டுமா, தடை முடியும் இரவில் துறைமுகத்தில் நில்லுங்கள்.

நண்டு நடக்கும் சத்தத்துக்குப் பிளாஸ்டிக் பெட்டி மேல் சோழிகளை உருட்டினோம். ஈரச் சாக்குக்கு நனைந்த பழைய ஜீன்ஸ். ஐஸுக்கு ஐஸ்தான், வேறெதுவும் அப்படி நொறுங்கவில்லை. இசைக்கு ஒரு டோலக்கும் ஒரு கானாக் குரலும் போதுமாக இருந்தன. நண்டு தண்ணீருக்குள் இறங்கும்போது 11 நொடி இசையை நிறுத்தினோம். மிக்சிங்கில் அதைப் பாட்டால் நிரப்பச் சொன்னவர்கள் உண்டு. குழந்தை தானாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் படத்தில் அதுதான், விடவில்லை.

படி 9: கடைசி வேலைகள்

லேயர்களைச் சேர்த்து, வண்ணத்தைச் சமன்செய்து, 1920க்கு 1080 அளவில் வெளியிடுங்கள். எல்லாக் கோப்புகளையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் படத்தின் தொடக்கத்திலேயே, இயக்குநர் பெயரின் அளவிலேயே வரட்டும். திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இப்போது, பெற்றோர் வழிகாட்டலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்ற யு/ஏ பிரிவே 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

முதல் காட்சியைக் கதை நடக்கும் இடத்திலேயே போடுங்கள். எதிரெதிர் வீட்டு பால்கனிகளுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் போதும். காற்றில் துணி உப்பாமல் இருக்க அடி விளிம்பில் மணல் மூட்டை வையுங்கள், ஏழரை மணிக்கு மேல் ஆரம்பியுங்கள், ஸ்பீக்கரைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே வையுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுப் புத்தகப் பெட்டியைத் திறந்துவிடுங்கள். கைகள் நேராக நண்டுப் பக்கத்தைத் தேடித்தான் போகும். இருபது பிரதியாவது கையில் இருக்கட்டும். எங்களிடம் ஆறுதான் இருந்தது.